உறவில் பதறுபவர், விலகுபவர்: பிணைப்புப் பாணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கமிருந்து ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் இப்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுவருகிறார்கள். “நான் ஆங்சியஸ் டைப்பாம், அவர் அவாய்டன்ட் டைப்பாம். ரீல்ஸில் பார்த்தேன். சரிதானா?” ஆங்சியஸ் என்றால் பதறுபவர், அவாய்டன்ட் என்றால் விலகுபவர். கேட்பவர்களின் வேதனை உண்மையானது. ஆனால் ஒரு நிமிட வீடியோ பாதியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி தெரியாவிட்டால் கணவனும் மனைவியும் ஒருவர் நெற்றியில் ஒருவர் முத்திரை குத்துவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். இதில் வரும் குடும்பங்களின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

பிணைப்புப் பாணி என்றால் என்ன?

பயம், நோய், களைப்பு, இழப்பு என்று ஏதாவது நம்மை ஆட்டும்போது நெருங்கிய ஒருவரைத் தேடுகிறோம். குழந்தை அம்மாவைத் தேடும். வளர்ந்தவர் கணவனையோ மனைவியையோ, அக்காவையோ, உயிர் நண்பரையோ தேடுவார். அந்த நேரத்தில் “அவர் எனக்காக இருப்பார்” என்று மனம் நம்புகிறதா, “இருப்பாரோ மாட்டாரோ” என்று தவிக்கிறதா, “யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பதே மேல்” என்று முடிவு கட்டிக்கொள்கிறதா என்பதைத்தான் பிணைப்புப் பாணி என்கிறோம்.

இந்தச் சிந்தனையைத் தொடங்கிவைத்தவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. போரில் வீடிழந்த குழந்தைகளின் மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை 1951இல் வந்தது. அவரோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வர்த், முதலில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் வீடுவீடாகப் போய்த் தாய்களையும் குழந்தைகளையும் கவனித்தார். பால்டிமோரில் இன்னொன்றும் செய்தார். பழக்கமில்லாத அறையில் ஒரு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு அம்மா சில நிமிடம் வெளியே போய்வருவார். திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். பல குழந்தைகள் அழுதன; அம்மா தூக்கியதும் சமாதானமாகி மறுபடி விளையாடப் போயின. சில குழந்தைகள் தூக்கிய பிறகும் அடங்கவில்லை. ஒட்டிக்கொண்டே அம்மாவை உதைத்தன. இன்னும் சில, அம்மா வந்ததைக் கண்டுகொள்ளாமல் பொம்மையோடு இருந்தன.

பெரியவர்களின் காதலிலும் இதே மூன்று போக்குகள் இருக்குமா என்று 1987இல் கேட்டவர்கள் சிண்டி ஹாசன், பிலிப் ஷேவர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். டென்வர் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் கேள்வித்தாளை அச்சிட்டு வாசகர்களிடம் பதில் வாங்கினார்கள். ஏறக்குறைய 56 சதவீதம் பேர் பாதுகாப்பான வகை என்று தங்களைச் சொன்னார்கள். விலகும் வகை 25 சதவீதம், பதறும் வகை 19 சதவீதம்.

நான்கு வகை என்றும் சொல்கிறார்களே?

1991இல் கிம் பார்த்தலோமியூவும் லியனார்டு ஹோரோவிட்ஸும் நான்காகப் பிரித்தார்கள். விலகுபவர்களில் “எனக்கு யாரும் தேவையில்லை” என்பவர்கள் ஒரு பக்கம், “தேவைதான், ஆனால் பயமாக இருக்கிறது” என்பவர்கள் இன்னொரு பக்கம். 1998இல் பிரென்னன், கிளார்க், ஷேவர் மூவரும் 36 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அதன்படி பார்த்தால் இருப்பது இரண்டு அளவுகள்தான். ஒன்று பதற்றம், அதாவது விட்டுவிடுவார்களோ என்ற பயம். மற்றது விலகல், அதாவது ஒருவரை நம்பிச் சாய்வதில் உள்ள கூச்சம். இரண்டும் குறைவாக இருந்தால் அதுதான் பாதுகாப்பான பிணைப்பு.

எனக்கு இந்த இரண்டு அளவு முறையே நியாயமாகப் படுகிறது. உயரத்தைப் போல இவையும் ஒவ்வொருவரிடமும் கூடக்குறைய இருப்பவை. இந்தப் பக்கத்தில் நான் “பதறுபவர்” என்று எழுதினால் பதற்ற அளவு கூடுதலாக உள்ளவர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது அவருடைய பிறவிக் குணம் என்று நான் சொல்லவில்லை.

இதற்கும் உணர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?

எல்லாச் சம்பந்தமும் இங்கேதான் இருக்கிறது. பதறுபவருக்கு உணர்ச்சி அதிகம், விலகுபவருக்கு உணர்ச்சி குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வருத்தமோ பயமோ எழுந்த பிறகு அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பெரிய வேறுபாடு.

பாதுகாப்பான பிணைப்பு உள்ளவர் வருத்தம் வந்தால் சொல்கிறார், ஆறுதல் கிடைக்கிறது, தணிகிறார். பல தடவை இப்படித் தணிந்த அனுபவம் மனதில் சேர்ந்துகொள்வதால் பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் தன்னைத் தானே தேற்றிக்கொள்ள முடிகிறது. பதறுபவர் வேறு ஒன்றைக் கற்றிருக்கிறார். அவர் வளர்ந்த இடத்தில் கவனிப்பு சில நாள் கிடைத்தது, சில நாள் கிடைக்கவில்லை. உரக்க அழுதால்தான் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் அவர் மனம் உணர்ச்சியைக் கூட்டிக்காட்டப் பழகுகிறது. விலகுபவர் வளர்ந்த இடத்தில் அழுதால் முகம் சுளித்தார்கள், அல்லது யாருமே வரவில்லை. அவர் மனம் உணர்ச்சியை அடக்கப் பழகுகிறது. கற்றுக்கொண்ட இடத்தில் இரண்டுமே புத்திசாலித்தனமான வழிகள்தான். இதை நான் ஒவ்வொரு தம்பதியிடமும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பேருமே தங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

இஸ்ரேலைச் சேர்ந்த மரியோ மிகுலின்சர் இதை நினைவுகளை வைத்துச் சோதித்தார். இஸ்ரேல் ஓர்பாக் என்பவரோடு சேர்ந்து 1995இல் வெளியிட்ட ஆய்வு அது. கோபம், சோகம், பயம், மகிழ்ச்சி தந்த இளவயது நினைவுகளைச் சொல்லச் சொன்னார்கள். பதறுபவர்களுக்குச் சோக நினைவுகள் உடனே வந்து விழுந்தன. ஒன்றைத் தொட்டால் கூடவே கோபமும் பயமும் கிளம்பின. விலகுபவர்களுக்கு அந்த நினைவுகள் வரவே நேரம் பிடித்தது. பாதுகாப்பான வகையினருக்குச் சோகம் நினைவில் இருந்தது, ஆனால் சோகமாகவே நின்றது. மற்ற உணர்ச்சிகளை இழுத்துக்கொண்டு வரவில்லை.

என் கணவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். ராத்திரி கேரட் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். போன் எடுக்காவிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, பைத்தியம் பிடிப்பதுபோல் ஆகிறது. நான் பதறும் வகையா?

முதலில் ஒன்றைத் தனியாக எடுத்துவைப்போம். இந்த மலையில் ராத்திரிப் பயணம் நிஜமாகவே ஆபத்தானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரியும். பனிமூட்டத்தில் எதிரே வருவது தெரியாது. அந்தி சாய்ந்தால் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை ரோட்டில் இறங்கி நிற்கும். இதற்குப் பயப்படுவது யாருக்கும் இயல்பு. அந்தப் பயத்துக்கு எந்த முத்திரையும் வேண்டாம்.

அந்தப் பயத்தின் மேல் இன்னொன்று ஏறுகிறதா என்று பாருங்கள். இதே நிலையில் இருந்த ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டி, கணவருக்கு அனுப்பிய மெசேஜ்களைக் காட்டினார். “என்னங்க, எங்க இருக்கீங்க?” என்று தொடங்குகிறது. அடுத்தது “பர்லியார் தாண்டியாச்சா?” பிறகு மிஸ்டு கால்கள். அப்புறம் “எடுக்கவே மாட்டீங்களா?” கடைசியாக, “சரி, இனிமே நான் பண்ணல. நிம்மதியா இருங்க.” முதல் இரண்டும் பாதையைப் பற்றிய பயம். மூன்றாவதிலிருந்து பயம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. சிக்னல் இல்லாமல் இருக்கலாம் என்ற எண்ணம் மறைந்து, வேண்டுமென்றே எடுக்கவில்லை என்றும், நான் அவருக்கு முக்கியமில்லை என்றும் மனம் தாவிவிட்டது. அவர் மண்டியிலிருந்து கூப்பிட்டு “வந்து சேந்துட்டேன்மா” என்றபோது இவருக்கு நிம்மதி வரவில்லை, அழுகையும் கோபமும்தான் வந்தன. ஆபத்து நீங்கிய பிறகும் உணர்ச்சி இறங்காமல் இருந்தால் அதுதான் நான் சொல்லும் பதற்றம்.

காதலர்களை 14 நாள் தினமும் குறிப்பு எழுதவைத்துச் செய்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. பதற்றம் கூடுதலாக உள்ளவர்கள் தங்கள் துணையைவிட அதிகச் சண்டைகள் நடந்ததாக எழுதினார்கள். அன்றன்றைய சண்டையை வைத்தே உறவின் எதிர்காலத்தையும் எடைபோட்டார்கள். ஒரு நாள் மனத்தாங்கல் அவர்களுக்கு ஒரு நாளோடு முடிவதில்லை.

என்ன செய்யலாம்? “பதறாதே” என்று சொல்வது எந்தப் பயனும் தராது. லோடு ஏற்றியதும் ஒரு வாய்ஸ் மெசேஜ், மண்டிக்குப் போனதும் ஒரு கால் என்று இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கூப்பிட வேண்டாம் என்றும் ஒப்புக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே போன் எடுப்பது உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து. முதல் வாரங்களில் கஷ்டமாகத்தான் இருக்கும். சொன்ன நேரத்தில் சொன்ன குரல் திரும்பத் திரும்ப வரும்போதுதான் மனம் நம்ப ஆரம்பிக்கிறது. இதில் கணவரின் பங்கு பாதி. அவர் இரண்டு தடவை மறந்தால் பழையபடி ஆகிவிடும் என்பதை அவரிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

தன் அம்மா இறந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஐஸ் பெட்டி, பந்தல், சாப்பாடு என்று எல்லாவற்றையும் அவரே ஓடி ஓடிப் பார்த்தார். அவருக்கு உணர்ச்சியே இல்லையா?

இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும், ஏனென்றால் உடம்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டோசியர், கோபாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெற்றோரைப் பற்றிப் பேசச்சொல்லி, பேசும்போதே விரல் தோலில் வியர்வையால் ஏற்படும் மின் மாற்றத்தை அளந்தார்கள். முடிவு 1992இல் வந்தது. பிரிவு, புறக்கணிப்பு பற்றிக் கேட்டபோது விலகுபவர்கள் “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்ற தொனியில் பதில் சொன்னார்கள். அதே நேரத்தில் அவர்கள் தோலின் அளவு ஏறியது. அதற்கு முன்பே, 1977இல், அம்மா போனதைக் கண்டுகொள்ளாததுபோல் விளையாடும் குழந்தைகளின் இதயத் துடிப்பும் ஏறுகிறது என்று ஸ்ரூஃப், வாட்டர்ஸ் இருவரும் எழுதியிருக்கிறார்கள். முகம் அமைதியாக இருக்கலாம், உள்ளே அப்படி இல்லை.

அப்படியானால் அடக்குவது பலிக்கிறதா? ஓரளவு பலிக்கிறது. அதன் எல்லையைக் காட்டியது 2004இல் மிகுலின்சர் குழுவின் ஆய்வு. காதல் முறிந்த வேதனையை நினைத்து, பிறகு அதை நினைக்காமல் இருக்கச் சொன்னார்கள். விலகுபவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு ஏழு இலக்க எண்ணை மனதில் வைத்துக்கொண்டே அதைச் செய்யச் சொன்னபோது கட்டுப்பாடு தளர்ந்தது. அடக்கிய பிரிவு எண்ணங்களோடு தங்களைப் பற்றிய தாழ்வான எண்ணங்களும் மேலே வந்தன.

கல்லட்டி இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரம் எல்லாம் கட்டுப்பாட்டில்தான் இருக்கும். லோடு அதிகமாகி, இறக்கமும் நீண்டால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். உங்கள் வீட்டுக்காரருக்கும் காரியம் முடிந்து சில மாதம் கழித்து, பச்சைத் தேயிலை விலை இறங்கி, பையனின் பீஸ் கட்டும் நாளும் நெருங்கும்போது தூக்கம் போகலாம், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழலாம். அப்போது “அம்மா நினைப்பா?” என்று ஒருவர் மெதுவாகக் கேட்டால் போதும். அழ வைக்க முயற்சி செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் ஓடியாடி வேலை பார்ப்பது நம் ஊரில் மூத்த மகனின் கடமை. அதை வைத்து மட்டும் ஒருவரை விலகும் வகை என்று சொல்லக்கூடாது. எல்லாம் முடிந்த பிறகு உங்களிடமாவது, அண்ணன் தம்பியிடமாவது ஒரு வார்த்தை பேசுகிறாரா என்று பாருங்கள். பேசினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

நான் பேசப் பேச அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். அவர் போகப் போக எனக்கு இன்னும் பேச வேண்டும்போல் இருக்கிறது. ஏன் இப்படி?

ஒருவர் உணர்ச்சியைக் கூட்டுகிறார், மற்றவர் குறைக்கிறார். உங்கள் குரல் உயர்வது அவருக்கு “நான் எதற்கும் லாயக்கில்லை” என்று கேட்கிறது. அவர் வெளியே போவது உங்களுக்கு “நீ வேண்டாம்” என்று தெரிகிறது. இரண்டு பேரும் பயந்துதான் இருக்கிறீர்கள், ஆனால் ஒருவர் பயம் மற்றவருக்குத் தெரியவில்லை.

வெளியே போகிறவர் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். “எனக்குத் தலை சுத்துது, டீ குடிச்சிட்டு அரை மணி நேரத்துல வர்றேன், வந்து பேசலாம்” என்ற ஒரு வாக்கியம் போதும். ஆனால் வர வேண்டும். காத்திருப்பவர் அந்த அரை மணியில் போன் செய்யக்கூடாது. திரும்பி வந்து பேசும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள். கல்யாணத்தில் நடந்ததையெல்லாம் அன்றைக்கு எடுக்க வேண்டாம்.

பாதுகாப்பான பிணைப்பு உள்ளவர்களுக்குக் கோபமே வராதா?

வரும், தாராளமாக வரும். பௌல்பியே கோபத்தை இரண்டாகப் பிரித்தார். “இப்படி விட்டுவிட்டுப் போகாதே” என்று உறவைக் காப்பாற்றப் பார்க்கும் கோபம் ஒன்று. உறவையே அறுத்துவிடும் கோபம் இன்னொன்று. பாதுகாப்பானவர்களின் கோபம் பெரும்பாலும் முதல் வகை. இது சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு வருவதால் என்ன வேண்டும் என்பதையும் அது சொல்லிவிடும். பதறுபவரின் கோபம் அவரையே சுற்றிச் சுற்றி வரும், பிறகு குற்ற உணர்ச்சியாக மாறும். விலகுபவர் “எனக்குக் கோபமே இல்லை” என்பார். ஆனால் பேச்சு நின்றிருக்கும், தட்டு ஓங்கி வைக்கப்படும்.

சந்தோஷத்திலும் வித்தியாசம் உண்டா?

உண்டு. இதைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம். விலகுபவர் நல்ல செய்தியையும் அடக்கியே வைப்பார். மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்தது என்று தெரிந்ததும் “சரி, பார்த்துக்கோ” என்று முடித்துவிடுவார். பதறுபவர் சந்தோஷப்படும்போதே “இது எத்தனை நாளைக்கோ” என்று கலங்குவார். வருத்தத்தைப் பகிர்வதைவிட நல்லதைப் பகிர்வது விலகுபவருக்குக் கொஞ்சம் சுலபம். அதனால் நான் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைக்கு நடந்த ஒரு நல்லதைச் சொல்லுங்கள், கேட்பவர் அதைப் பற்றி இன்னொரு கேள்வி கேளுங்கள். அவ்வளவுதான்.

குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வாரோ என்று பயமாக இருக்கிறது. அவர் இல்லாவிட்டாலும் இருக்க முடியவில்லை. இதுதான் அந்தப் பயந்து விலகும் வகையா?

இல்லை. அடி விழும் வீட்டில் வரும் பயம் பிணைப்புப் பாணி அல்ல. அது உங்கள் உயிரைக் காக்கும் எச்சரிக்கை. அதை உங்கள் மனதின் கோளாறாக எடுத்துக்கொள்ளவே கூடாது. பாணியைப் பற்றிப் பேசுவதற்கு முன் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். அடி நிற்காத வரை தம்பதி ஆலோசனையை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கக்கூடும்.

வேண்டும் என்றும் பயம் என்றும் ஒரே நேரத்தில் இழுபடும் பாணி தனியாக உண்டு. சிறுவயதில் ஆறுதல் தர வேண்டியவரே அச்சமும் தந்த வீடுகளிலிருந்து வருபவர்களிடம் இதைப் பார்க்கிறேன். இவர்களுக்கு ஆறஅமரப் பேசும் தனி ஆலோசனை நல்லது. இணையத்தில் படித்துத் தாமே சரிசெய்துகொள்வது கடினம்.

அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவார். நான் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்திலும் பாட்டியிடமும் வளர்ந்தேன். அதனால்தான் இப்படி ஆகிவிட்டேனா?

இந்தக் கேள்வியின் பின்னால் அம்மாமேல் ஒரு கோபமும், அந்தக் கோபத்தால் ஒரு குற்ற உணர்வும் இருக்கும். அதனால் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

நீலகிரியில் இலட்சக்கணக்கான கைகள் கொழுந்து பறித்துத்தான் குடும்பங்கள் பிழைத்தன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எஸ்டேட்டுகளில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று சொன்னது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் லயன் வீடுகளில் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கின. அம்மா வேலைக்குப் போனது மட்டும் ஒருவரைப் பதறுபவராகவோ விலகுபவராகவோ ஆக்குவதில்லை. குழந்தை ஒரே நேரத்தில் பாட்டி, அத்தை, அக்கா என்று சிலரோடு பிணைப்பு வைத்துக்கொள்ளும். யாரிடம் போனால் ஆறுதல் கிடைக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் அடிக்கடி மாறாமல் இருக்க வேண்டும். இவைதான் முக்கியம்.

சிறுவயது எவ்வளவு தூரம் தொடர்கிறது என்பதற்கும் ஆய்வு உண்டு. ஒரு வயதில் பார்த்த 60 குழந்தைகளில் 50 பேரை ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து மறுபடி சந்தித்தார்கள். 2000இல் வந்த அந்த முடிவின்படி, பாதுகாப்பானது, பாதுகாப்பற்றது என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் 72 சதவீதம் பேர் அதே பிரிவில் இருந்தார்கள். அதாவது நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர் மாறியிருந்தார்கள். பெற்றோரை இழந்தது, விவாகரத்து, கடும் நோய் போன்ற பெரிய நிகழ்ச்சிகளோடு அந்த மாற்றம் சேர்ந்து வந்தது. வேறு ஆய்வுகளில் தொடர்ச்சி இதைவிடக் குறைவாகவும் இருக்கிறது. சிறுவயதுக்குப் பங்கு உண்டு, முடிவு அதன் கையில் இல்லை.

மகனை ஊட்டியில் போர்டிங்கில் சேர்த்தோம். முதல் மாதம் அழுதான், இப்போது அழுவதில்லை, எங்களிடம் அதிகம் பேசுவதும் இல்லை. பழகிவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அழுகை நின்றதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பௌல்பியோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையை 1952இல் படம் பிடித்துக் காட்டினார். அந்தக் காலத்தில் பெற்றோரை வார்டுக்குள் அதிகம் விடமாட்டார்கள். தனியே விடப்பட்ட குழந்தைகள் முதலில் அழுது எதிர்ப்பார்கள், பிறகு சோர்ந்துபோவார்கள், கடைசியில் அம்மா வந்தாலும் ஒட்டாமல் இருப்பார்கள். அந்தக் கடைசி நிலையைத்தான் செவிலியர்கள் “பழகிவிட்டது” என்று நினைத்தார்கள்.

உங்கள் மகன் கைக்குழந்தை இல்லை, அவனுக்கு நண்பர்களும் வார்டனும் இருக்கிறார்கள், பல பிள்ளைகள் நன்றாகவே பழகிவிடுகிறார்கள். சிரிக்கிறானா, சாப்பிடுகிறானா, ஒரு நண்பன் பெயராவது சொல்கிறானா என்று பாருங்கள். போனில் மார்க்கைக் கேட்பதற்கு முன் “ராத்திரி யார் பக்கத்துல படுக்கிறே? குளிருதா?” என்று கேளுங்கள். வருவேன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போங்கள். மேட்டுப்பாளையம் ரோடு அடைத்திருக்கிறது என்று போக முடியாவிட்டால் அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், அடுத்த தேதியையும் சொல்லுங்கள்.

இதெல்லாம் அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சி. நம் குடும்பங்களுக்குப் பொருந்துமா?

நியாயமான கேள்வி. 2000இல் ஃபிரெட் ராத்பாம் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இதையே கேட்டார்கள். தனித்து நிற்பதைப் பெரிதாகக் கருதும் சமூகத்தின் அளவுகோலை, சார்ந்திருப்பதை இயல்பாகக் கருதும் சமூகத்தின்மேல் வைப்பது சரியா என்பது அவர்கள் வாதம். இன்னொரு பக்கம், எட்டு நாடுகளின் குழந்தை ஆய்வுகளைத் தொகுத்து 1988இல் வந்த கட்டுரை ஒன்று, நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் உள்ள வேறுபாடு அதிகம் என்று காட்டியது.

என் அனுபவத்தில் அடிப்படை பொருந்துகிறது, அளக்கும் வாக்கியங்கள்தான் பொருந்துவதில்லை. “என் துணையிடம் என் ஆழமான உணர்வுகளைச் சொல்வது எனக்குச் சுலபம்” என்ற வாக்கியத்தை ஐம்பது வயதுக்காரரிடம் நீட்டினால் அவர் விழிப்பார். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் அதிகாலையில் எழுந்து அடுப்பில் வெந்நீர் வைப்பவர் அவர். அவர் அன்பு வெந்நீரில் இருக்கிறது, பேச்சில் இல்லை. அதைக் கேள்வித்தாள் விலகலாகவே எண்ணிவிடும். அதேபோல் கல்யாணமாகியும் தினமும் அம்மாவிடம் பேசும் பெண்ணை “அதிகம் ஒட்டிக்கொள்பவள்” என்று எழுதிவிடக்கூடாது. கஷ்டம் வரும்போது யாரிடம் போகிறார், போனால் தணிகிறாரா என்று கேட்டால் நம் குடும்பங்களிலும் உண்மை தெரிந்துவிடும்.

இது மாறுமா?

மாறும், மெதுவாக. சிறுவயது கடினமாக இருந்தும் பெரியவர்களான பின் பாதுகாப்பான பிணைப்புக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல கல்யாணம், நம்பகமான நண்பர், பொறுமையான ஆசிரியர், சிகிச்சை என்று ஏதாவது ஒரு உறவு அதற்குக் காரணமாகிறது.

பக்கத்தில் ஒருவர் இருப்பது உடம்பிலேயே என்ன செய்கிறது என்று ஜேம்ஸ் கோன் என்ற ஆய்வாளர் பார்த்தார். மணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, சிறிய மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். ஒரு முறை கணவரின் கையைப் பிடித்திருந்தார்கள், ஒரு முறை முன்பின் தெரியாதவர் கையை, ஒரு முறை யார் கையையும் இல்லை. கணவர் கையைப் பிடித்தபோது ஆபத்துக்கு எதிர்வினை காட்டும் மூளைப் பகுதிகள் அதிகம் அடங்கின. தாம்பத்தியம் நன்றாக இருந்தவர்களிடம் இன்னும் அதிகமாக. ஆய்வு 2006இல் வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் அறையில் நான் தினமும் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

பதறுபவர் கற்க வேண்டியது, உணர்ச்சி எழுந்ததும் அதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு உடனே எதையும் செய்துவிடாமல் இருப்பது. “இப்போது எனக்குப் பயம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, முகம் கழுவி, பத்து நிமிடம் கழித்து மெசேஜ் அனுப்பலாம். விலகுபவருக்கு நேர்மாறான வேலை. “ஒன்றுமில்லை” என்று சொல்ல வாய் வரும்போது நிறுத்தி, நெஞ்சு இறுகுகிறதா, தோள் கனக்கிறதா என்று உடம்பில் தேடி, அதையாவது ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்கான மருந்தை மற்றவருக்குக் கொடுத்தால் பலிக்காது.

ஆன்லைன் டெஸ்ட் எடுத்தேன். நம்பலாமா?

பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவே. சண்டை போட்ட அன்று எடுத்தால் ஒரு மதிப்பெண் வரும், சமாதானமான பிறகு எடுத்தால் இன்னொன்று வரும். இது நோயின் பெயரும் அல்ல. டெஸ்ட் சொன்னதை வைத்துக் கல்யாணப் பேச்சை நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்? மலையில் யாரிடம் போவது?

தூக்கம், சாப்பாடு, வேலை இவற்றில் ஏதாவது வாரக்கணக்கில் கெட்டால் போங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பேசுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416 கட்டணமில்லாதது, இரவும் பகலும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்று தயங்குபவர்கள் முதலில் போனில் தொடங்கட்டும்.

கணவர் வரமாட்டேன் என்கிறார். நான் மட்டும் வந்தால் பயன் உண்டா?

உண்டு, வாருங்கள். ஒருவர் கூட்டுவதைக் கொஞ்சம் குறைத்தாலே மற்றவர் ஓடுவது குறைவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வரமாட்டேன் என்று சொன்னவர்களில் சிலர், மனைவி நாலைந்து முறை வந்துபோன பிறகு “அங்க என்னதான் பேசுறீங்க?” என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவரை வற்புறுத்த வேண்டாம். வந்தால் முதல் நாள் அவரிடம் உணர்ச்சியைப் பற்றி நான் கேட்கமாட்டேன். வேலையைப் பற்றியும் பாதையைப் பற்றியும்தான் கேட்பேன் என்று சொல்லிவையுங்கள்.